‘நாப்பது பர்சன்ட்’ என்று டாக்டர் சொன்னால்

போன மார்கழியில் என் பெரியப்பாவைக் கிருஷ்ணகிரியில் ஒரு ஆஸ்பத்திரி ஐசியூவில் சேர்த்திருந்தோம். ஐந்து நாள் காய்ச்சல், உடம்புவலி, பக்கத்து கிளினிக்கில் இரண்டு ஊசி, ஆறாம் நாள் மூச்சிரைப்பு. காவேரிப்பட்டணத்திலிருந்து 108-இல் ஏற்றி வரும்போதே உதடு நீலம் பாய்ந்திருந்தது. மறுநாள் காலை டாக்டர் வெளியே வந்து, “கிருமி ரத்தத்துல பரவி எல்லா உறுப்பையும் பாதிச்சிருக்குங்க. நுரையீரல் வேலை செய்யல, மிஷின்லதான் மூச்சு ஓடுது. உயிருக்கு ஆபத்து ஒரு நாப்பது பர்சன்ட் இருக்கு” என்றார்.

அவர் உள்ளே போனதும் பெரியம்மா என் பக்கம் திரும்பினார். “அப்போ அறுபது பர்சன்ட் பொழச்சுக்குவாருன்னு அர்த்தமா, கண்ணு?”

நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருகிறவன். ஆமாம் என்று தலையாட்டினேன். நூறில் நாற்பது போனால் அறுபது, அதில் தப்பில்லை. ஆனால் அந்த நாற்பது எங்கிருந்து வந்தது, யாரைப் பற்றியது, நாளைக்கும் அதே நாற்பதுதானா என்று அவர் அடுத்த கேள்வி கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. ஐசியூ வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. வைத்தியம் பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடம்தான் கேட்கவேண்டும்.

முதலில் செப்சிஸ், டாக்டர் சொன்னது இதைத்தான். ‘ரத்தத்தில் கிருமி’ என்று நாம் பொதுவாகச் சொல்வது முழு உண்மை இல்லை. கிருமி நுரையீரலில் இருக்கலாம், சிறுநீர்ப் பாதையில் இருக்கலாம், சர்க்கரை நோயாளியின் கால் புண்ணிலும் இருக்கலாம். அதை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பின் படை கட்டுமீறிப் போய்ச் சொந்த உறுப்புகளையே கெடுக்க ஆரம்பிப்பதுதான் செப்சிஸ். 2016-இல் உலக அளவில் வல்லுநர்கள் கூடி வகுத்த வரையறையும் இதையே சொல்கிறது: தொற்றால் கிளர்ந்த, நெறிகெட்ட எதிர்ப்பு, அதனால் உயிருக்கு ஆபத்தான உறுப்புச் செயலிழப்பு. ஒரு கணக்கீட்டின்படி 2017-இல் மட்டும் உலகில் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள். அந்த வருடத்து மொத்தச் சாவில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

இதில் நுரையீரல் சீக்கிரமே மாட்டிக்கொள்ளும் உறுப்பு. அதன் காற்றுப்பைகளைச் சுற்றி மெல்லிய ரத்தக்குழாய்கள் வலைபோல ஓடுகின்றன. செப்சிஸில் அந்தக் குழாய்ச் சுவர் ஒழுக ஆரம்பிக்கும், காற்று இருக்கவேண்டிய பையில் நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ரத்தத்துக்குள் போகாது. எவ்வளவு போகிறது என்பதை அளக்க டாக்டர்கள் ஒரு எளிய வகுத்தல் போடுவார்கள். மணிக்கட்டுத் தமனியில் எடுக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவோ அதை, உள்ளே கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை பங்கோ அதால் வகுப்பது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதாவது 0.21. நல்ல உடம்பில் ரத்த ஆக்சிஜன் 95 என்று வைத்தால், 95-ஐ 0.21-ஆல் வகுக்க ஏறக்குறைய 450 வரும். பெரியப்பாவுக்குப் பாதிக்குப் பாதி ஆக்சிஜன் கொடுத்தும், அதாவது 0.5 கொடுத்தும், ரத்தத்தில் 62-தான் இருந்தது. 62-ஐ 0.5-ஆல் வகுத்தால் 124. செப்சிஸ் போன்ற ஒரு காரணத்தால் இரண்டு நுரையீரலும் நீர் கோத்து, இந்த எண் 300-க்குக் கீழே வந்தால் தீவிர சுவாசச் செயலிழப்பு என்று கணக்கு. 200-க்குக் கீழே நடுத்தரம், 100 அல்லது அதற்கும் கீழே கடுமை. 2012-இல் இந்தப் பிரிவுகளை வகுத்தவர்கள் பழைய நோயாளிகளின் பதிவுகளில் பார்த்தபோது, லேசான பிரிவில் 27 சதவீதம், நடுத்தரத்தில் 32, கடுமையில் 45 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள்.

நுரையீரலோடு நிற்பதில்லை. ‘சோஃபா’ என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. நாற்காலி சோஃபா இல்லை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். 1996-இல் வெளியானது. நுரையீரல், ரத்தம் உறைதல், கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என்று ஆறு உறுப்புகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 24. பரீட்சைக்கு நேர்மாறாக இதில் மார்க் கூடினால் ஆபத்து. பெரியப்பாவின் தாளை ஒரு இளம் டாக்டர் பொறுமையாக எனக்கு விளக்கினார். 124 என்ற நுரையீரல் எண்ணுக்கு, மிஷினில் இருப்பதால், 3. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 90 ஆயிரத்துக்கு 2. கல்லீரல் நிலையைக் காட்டும் பிலிருபின் 1.4-க்கு 1. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்ததால் 3. சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.4-க்கு 2. மூச்சுக்குக் குழாய் போடும் முன் லேசாகக் குழப்பமாகப் பேசினார், அதற்கு 1. மொத்தம் 12.

மூளைக்கான அந்த 1-ஐக் கவனியுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மயக்க மருந்து ஓடும். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை என்றால் அது நோயா, மருந்தா? அதனால் மயக்க மருந்து கொடுப்பதற்கு முந்தைய நிலையை எடுத்துக்கொள்வது வழக்கம். ஒருவர் அப்படி எடுப்பார், இன்னொருவர் படுத்திருக்கும் நிலையைப் பார்த்து 4 போடுவார். அசைக்க முடியாத எண் மாதிரி தெரியும் ஒன்றுக்குள் இந்த மாதிரி மனிதக் கை இருக்கிறது.

சரி, நாற்பது எங்கிருந்து வந்தது? பிறகு அந்த இளம் டாக்டரிடமே கேட்டேன். போதுமான சலைன் ஏற்றிய பிறகும் அழுத்தத்துக்கு மருந்து தேவைப்பட்டு, ரத்தத்தில் லாக்டேட் 2-க்கு மேல் இருந்தால் அது செப்டிக் ஷாக். திசுக்களில் எரிபொருள் சரியாக எரியாதபோது ஏறும் பொருள் லாக்டேட். பெரியப்பாவுக்கு 4 இருந்தது. 2016 வரையறை வந்தபோது, இந்த இரண்டும் சேர்ந்த நோயாளிகளில் 40 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே இறந்திருந்தது தெரியவந்தது. ஆக டாக்டர் சொன்ன நாற்பது பெரியப்பாவின் உடம்பைத் திறந்து பார்த்துச் சொன்னதே இல்லை. எங்கோ, எப்போதோ, இதே நிலையில் படுத்திருந்தவர்களின் கூட்டத்தைப் பற்றியது.

இது எனக்குப் புரிந்தது புத்தகத்தைவிடப் பெரியப்பாவின் தொழிலால்தான். அவர் மாந்தோப்பு குத்தகை எடுப்பவர். தை, மாசியில் தோப்பில் ஒரு சுற்று சுற்றி வருவார், பூவைப் பார்ப்பார், போன வருஷக் காய்ப்பைக் கேட்பார், “நூறு மரம் பெங்களூரா ரகம், பதினஞ்சு டன் நிக்கும்” என்று விலை பேசிவிடுவார். பெரும்பாலும் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் ஒரு மரத்தைக் காட்டி “இதில் எவ்வளவு வரும் பெரியப்பா?” என்று கேட்டால் சிரிப்பார். தனி மரத்தில் பூ உதிரும், தத்துப்பூச்சி அடிக்கும், ஒரு கிளை காற்றில் முறியும். தோப்புக்குச் சொல்லலாம், மரத்துக்குச் சொல்ல முடியாது.

அவர் வேலையில் இரண்டு வெவ்வேறு திறமைகள் இருக்கின்றன. இரண்டு மரத்தைக் காட்டினால் எது அதிகம் காய்க்கும் என்று சொல்வது ஒன்று. மொத்தம் எத்தனை டன் என்று சொல்வது இன்னொன்று. முதலாவதில் கெட்டிக்காரராக இருந்துகொண்டே இரண்டாவதில் ஒருவர் கோட்டைவிடலாம். எது பெருங்காய்ப்பு மரம் என்று வரிசை சரியாகச் சொல்வார், ஆனால் பதினைந்து என்ற இடத்தில் எட்டுதான் வரும்.

நோயாளியின் மரண ஆபத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரிகளை மதிப்பிடுவதும் இப்படியே. இறந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். இறந்தவருக்கு மாதிரி அதிக ஆபத்து சொல்லியிருந்ததா? இப்படி நூறு ஜோடிகளில் எண்பதில் சரியாகச் சொன்னால் 0.8 என்று எழுதுவார்கள். 0.5 என்றால் பூவா தலையா போட்டதற்குச் சமம். பத்திரிகைச் செய்தியில் ‘செயற்கை நுண்ணறிவு 85 சதவீதத் துல்லியம்’ என்று வருகிறதே, அது பெரும்பாலும் இந்த வரிசைத் திறமைதான். மரண ஆபத்து நாற்பது என்று சொன்ன நூறு பேரில் நிஜமாகவே நாற்பது பேர் இறந்தார்களா என்பது தனிக் கேள்வி, அதைத் தனியாகச் சோதிக்கவேண்டும். ஒரே படுக்கை இருந்து இரண்டு நோயாளி வந்தால் டாக்டருக்கு வரிசை உதவும். வாசலில் நிற்கும் குடும்பத்துக்குத் தேவைப்படுவது இரண்டாவது. நாம் கேட்காமலே விடுவதும் அதைத்தான் என்பது என் எண்ணம்.

மாதிரிகளைக் கட்டும் முறை ஒன்றும் மாயம் இல்லை. ஆயிரக்கணக்கான பழைய நோயாளிகளின் பதிவுகளை எடுக்கிறார்கள். வயது, லாக்டேட், சிறுநீர் அளவு, மூச்சு வேகம், அந்த வகுத்தல் எண், புற்றுநோய் உண்டா என்பது போன்றவற்றில் எது எவ்வளவு கனம் என்று தராசில் நிறுப்பதுபோல் கணக்குப் போடுகிறார்கள். சில நேரம் நம் உள்ளுணர்வுக்கு எதிராகவும் வரும். செப்சிஸில் 103 டிகிரி காய்ச்சலில் கொதிப்பவரைவிட உடம்பு சில்லிட்டுப் போனவருக்கே பொதுவாக ஆபத்து அதிகம். இந்தப் பழைய பதிவுகள் பல நேரம் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்து. ‘மிமிக்’ என்ற அந்தத் தரவுத்தொகுப்பை, ஒரு சிறு பயிற்சி முடித்த ஆய்வாளர் யாரும் இலவசமாக வாங்கலாம். அதன் மூன்றாம் பதிப்பில் 2001 முதல் 2012 வரையிலான 40,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருக்கிறார்கள். செப்சிஸோடு மூச்சுத் திணறல் சேர்ந்தவர்களுக்கான மரண ஆபத்து மாதிரிகளில் நிறையப் பாஸ்டன் மண்ணில் விளைந்தவை.

பெரியப்பா ஒரு வருஷம் ஆசைப்பட்டு சித்தூர்ப் பக்கம் தோப்பு எடுத்தார். அங்கேயும் அதே ரக மாம்பழம்தான். மண் வேறு, தண்ணீர் வேறு, பூ பார்க்கும் கண் மட்டும் கிருஷ்ணகிரிக் கண். முதல் வருஷம் கையைச் சுட்டுக்கொண்டார். மாதிரிகளுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மென்பொருளை 2021-இல் வெளி ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அது மரணத்தை இல்லை, செப்சிஸ் வரப்போகிறதா என்பதை முன்கூட்டிச் சொல்வது. வரிசைத் திறமை வெறும் 0.63. செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரை அது கோட்டைவிட்டிருந்தது. அமெரிக்காவுக்குள்ளேயே அப்படி என்றால் தொப்பூர் கணவாய் தாண்டி தர்மபுரிக்கு வந்தால்?

இங்கே நோயே வேறு. வந்து இரண்டாம் நாள் உடம்பு துடைக்கத் திருப்பிய நர்ஸம்மா பெரியப்பாவின் அக்குளில் ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்த்தார், சிகரெட்டால் சுட்ட மாதிரி. ஸ்க்ரப் டைஃபஸ், நம் பக்கம் உண்ணிக்காய்ச்சல் என்பார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. தோப்பில் களை வெட்டியது நினைவுக்கு வந்தது. பெனிசிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியைத் தொடாது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்றவைதான் கேட்கும். கடுமையான ஸ்க்ரப் டைஃபஸில் இரண்டையும் சேர்த்து நரம்பில் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று இந்தியாவின் பல மையங்களில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. பாஸ்டன் மாதிரிக்கு இந்தப் பொருக்கைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதற்கு 12 என்றால் 12. நிமோனியாவால் வந்த 12-ஐயும், சரியான மருந்து விழுந்ததும் பல நேரம் ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும் நோயால் வந்த 12-ஐயும் அது ஒரே தட்டில் வைக்கும்.

இன்னொன்று இருக்கிறது, இதைப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பதிவுகளை வைத்தே மாதிரி செய்தால் போச்சு என்று தோன்றும். ஆனால் நம் பதிவேட்டில் மரணம் எங்கே பதிவாகிறது? ‘சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறோம்’ என்று கையெழுத்துப் போட்டு, கடைசி மூச்சு வீட்டில் போகட்டும் என்று எத்தனை குடும்பங்கள் பென்னாகரத்துக்கும் அரூருக்கும் வேனில் கூட்டிப்போகின்றன. பணம் தீர்ந்து போனவர்களும் உண்டு. சேலத்துக்கோ பெங்களூருக்கோ மாற்றி அனுப்பியவர் அங்கே என்ன ஆனார் என்பது இங்கே தெரியாது. கணினிக்கு இவர்கள் எல்லாம் ‘டிஸ்சார்ஜ்’. அதாவது உயிரோடு போனவர்கள். அப்படிக் கற்றுக்கொண்ட மாதிரி ஆபத்தைக் குறைத்துத்தான் சொல்லும்.

இதன் மறுபக்கம் அதைவிட மோசம். தொண்ணூறு சதவீதம் கஷ்டம் என்று சொன்னதும் குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகிறது என்று வையுங்கள். வென்டிலேட்டரை எடுத்ததும் அவர் இறக்கிறார். மாதிரி சொன்னது பலித்துவிட்டது. சொன்னதால் நடந்ததா, நடக்கப்போவதைச் சொன்னதா என்று அதற்கப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. ஒரு எண்ணைச் சத்தமாகச் சொல்வதே ஒரு செயல், அதற்கும் விளைவு உண்டு.

அப்படியானால் எண்ணே வேண்டாமா? வேண்டும். ஆனால் ஒரு நாள் எண்ணைவிட அது போகும் திசை பெரிது. பிரஸ்ஸல்ஸில் 352 ஐசியூ நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சோஃபா மதிப்பெண் முதல் 96 மணி நேரத்தில் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்தது. முதல் நாள் எவ்வளவாக இருந்தாலும் சரி, ஏறியவர்களில் குறைந்தது பாதிப் பேர் இறந்தார்கள். அப்படியே நின்றவர்களில் 27 முதல் 35 சதவீதம். இறங்கியவர்களில் 27 சதவீதத்துக்கும் கீழே. ‘இருபத்திநாலு மணி நேரம் கழியட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும்’ என்று டாக்டர்கள் சொல்லும்போது தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். திசை தெரிய இரண்டு புள்ளி வேண்டும், கோடு ஒரு புள்ளியில் வராது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவனே நான்.

பெரியப்பாவின் மார்க்கை ஒரு பழைய டைரியில் குறித்துவைத்தேன். முதல் நாள் 12. இரண்டாம் நாளும் 12. மூன்றாம் நாள் 9. வகுத்தல் எண் 124-லிருந்து 190, பிறகு 260. ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

வைத்தியம் மாறினாலும் எண் மாறும். வென்டிலேட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் தள்ளும் காற்றைக் குறைத்து, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடையில் கிலோவுக்கு 6 மில்லி என்று வைத்தால் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைகிறது என்று 2000-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கடுமையான மூச்சுச் செயலிழப்பில் நீண்ட நேரம் குப்புறப் படுக்கவைத்தவர்களில் 28 நாள் இறப்பு 16 சதவீதம், மல்லாந்தே இருந்தவர்களில் 32.8 என்று 2013-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு சொன்னது. இவை வழக்கத்துக்கு வருமுன் சேர்ந்த பதிவுகளில் கட்டிய மாதிரி, இன்று இவை எல்லாம் நடக்கும் ஐசியூவில் ஆபத்தைக் கூட்டிச் சொல்லும்.

வாசலில் நிற்பவர் டாக்டரிடம் ‘எத்தனை பர்சன்ட்’ என்று கேட்பதைவிட, நேற்றைக்கு இன்றைக்கு எது இறங்கியிருக்கிறது, எது ஏறியிருக்கிறது என்று கேட்டால் கூடுதலாக விவரம் கிடைக்கும். அழுத்த மருந்தின் அளவு, கொடுக்கும் ஆக்சிஜன் சதவீதம், சிறுநீர், லாக்டேட், இந்த நாலே போதும். தொற்று எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள். எங்களுக்கு எல்லாம் மாறியது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த இடத்தில்தான்.

மரணம் என்பதையும் இந்த மாதிரிகள் ஒரு தேதியை வைத்தே எண்ணுகின்றன. சில ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்வரை, பல 28 நாள் வரை, சில 90 நாள். 28-ஆம் நாள் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருப்பதால் மாதிரியின் கணக்கில் அவர் 0, அதாவது இறக்காதவர். காபி டம்ளரை ஒரு கையால் தூக்க முடியவில்லை, சட்டைப் பித்தானைப் பெரியம்மாதான் போட்டுவிட்டார், ராத்திரி மிஷின் சத்தம் கேட்கிறது என்று எழுந்து உட்காருவார். ஐசியூவிலிருந்து வந்தவர்களுக்குத் தசை இப்படி இளைப்பதும் தூக்கம் கெடுவதும் சகஜம், மாதக்கணக்கில் நீளும். டிஸ்சார்ஜ் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பிசியோதெரபி வேண்டுமா என்று நாங்களாகத்தான் போய்க் கேட்டோம்.